கொல்லைப்புற வழியாக விண்டோஸ் 11

ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், புதிதாக மாட்டிய எஸ்எஸ்டி. இப்படியொரு பழைய லேப்டாப்பில் பிரவுசரும் வேர்டும் இன்றும் தடங்கலின்றி ஓடும். ஆனால் மைக்ரோசாப்டின் பட்டியலில் அதற்கு இடமில்லை. 2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியைக் கேட்கிறது. இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால், இந்த நிபந்தனைகளைச் சுற்றிக்கொண்டு 11-ஐ ஏற்றும், முன்பு ஆர்வலர்கள் மட்டும் செய்து பார்த்த குறுக்குவழியைச் சாதாரணப் பயனாளர்களும் நாடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வழக்கத்தை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. மைக்ரோசாப்ட் போட்ட கோட்டிலேயே நியாயக்குறைவு இருக்கிறது. ஏழாம், எட்டாம் தலைமுறை லேப்டாப் பிராசசர்கள் பலவற்றின் அடிப்படை வடிவமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எட்டாவதில் கோர்கள் கூடின. ஏழாம் தலைமுறையில் விதிவிலக்கு பெற்ற மிகச் சிலவற்றுள் ஒன்று ஐ7-7820எச்க்யூ. மைக்ரோசாப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-இல் இருந்தது அதுதான். டிபிஎம் விஷயத்திலும், பல பழைய கணினிகளில் அது பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதே தவிர, இல்லாமல் இல்லை. நன்றாக உழைக்கும் ஒரு பொருளைக் குப்பைக்கு அனுப்ப இந்தப் பட்டியல் போதுமான காரணமல்ல.

ஏற்றுவதும் பெரிய வித்தையில்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது, டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கும் கட்டத்தில் டிக் போட்டால் போதும். செட்டப்பை சர்வர் பதிப்புக்கான கட்டளையோடு ஓட்டுவது இன்னொரு வழி. அப்போது திரையில் விண்டோஸ் சர்வர் ஏறுவதாகவே காட்டும், பார்ப்பவருக்குப் பகீரென்றிருக்கும். ஆனால் ஏறுவது வழக்கமான விண்டோஸ் 11-தான். சர்வர் என்றால் செட்டப் அந்தச் சோதனைகளைச் செய்வதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஹோம், ப்ரோ பதிப்புகளில் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் 24 மாதங்களே ஆயுள். அதுவரை மாதாந்தரத் திருத்தங்கள் குறுக்குவழியில் ஏற்றிய கணினிக்கும் பொதுவாக வந்து சேர்கின்றன. வந்தே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆனால் அடுத்த ஆண்டுப் பதிப்பு தானாக வராது. ஐஎஸ்ஓ இறக்கி, மறுபடி அதே தடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2021-இல் 21எச்2 பதிப்பை ஏற்றிவிட்டு அப்படியே விட்டவருக்கு 2023 அக்டோபரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதே கணினியில் விண்டோஸ் 10-ஐ முறையாகப் புதுப்பித்துவந்திருந்தால் 2025 அக்டோபர் வரை வந்திருக்கும். பாதுகாப்பை எண்ணி மாறியவர் இரண்டு ஆண்டுப் பாதுகாப்பைப் பறிகொடுத்திருக்கிறார்! இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன். கணினி முன்போலவே ஓடுவதால், செட்டிங்ஸைத் திறந்து பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது. ஸ்டார்ட் மெனுவில் 'வின்வர்' கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் வரும் சிறிய பெட்டியில் பதிப்பு எண் இருக்கும். இப்படி ஏற்றிய ஒவ்வொருவரும் இன்றே பார்க்க வேண்டிய எண் அது.

பாதுகாப்பிலும் கிடைப்பது அரைகுறைதான். விண்டோஸ் 11-இன் முக்கியக் கவசங்களில் ஒன்று 'மெமரி இன்டெக்ரிட்டி'. அதற்கு உதவும் வன்பொருள் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆறாம் தலைமுறையில் அந்த வேலையை மென்பொருளே செய்ய வேண்டியிருப்பதால் வேகம் கூடுதலாக அடிபடும். வேகத்துக்காக அதை அணைத்துவிட்டால், 11-க்கு மாறியதன் பலனில் ஒரு பெரும்பங்கு போய்விடுகிறது. பட்டியலில் இல்லாத கணினிகளில் கெர்னல் கோளாறுகள் 52 சதவீதம் அதிகம் என்று மைக்ரோசாப்ட் 2021-இல் சொன்னது. தடை போட்டவரே தரும் கணக்கு என்பதால் அதை மட்டும் வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். பராமரிப்புச் சுமை ஒன்றே போதிய வாதம். கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளுக்கோ இந்தப் பேச்சே இல்லை. 24எச்2 முதல் தேவைப்படும் எஸ்எஸ்இ 4.2 கட்டளைத்தொகுப்பு அவற்றில் இல்லாததால், எந்தக் குறுக்குவழியும் எடுபடாது.

ஆகவே, தன் கணினியில், விளைவு தெரிந்து, ஆண்டுதோறும் உட்கார்ந்து புதுப்பிக்கத் தயாராக இருப்பவர் இதைச் செய்யலாம், செய்வது நல்லதும்கூட. விவரம் தெரியாத அடுத்தவரின் கணினியில் சொல்லாமல் செய்வதை ஏற்க முடியாது. கல்லூரியில் சேரும் பிள்ளைக்காகப் பழைய லேப்டாப் வாங்கும் பெற்றோர், திரையில் 11-ஐப் பார்த்ததும் இன்னும் பல ஆண்டுக்குக் கவலையில்லை என்றுதான் நினைப்பார்கள். பிரவுசரும் ஆபீஸ் வேலையும் போதுமென்றால் அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 போட்டுத் தருவது நேர்மையான வழி. 2029 வரை அதற்குத் திருத்தங்கள் உண்டு. டேலியும் பேஜ்மேக்கரும் ஓட வேண்டிய கடைக்கு அது உதவாது. அங்கே 11-ஐத்தான் ஏற்ற வேண்டுமென்றால், எந்தப் பதிப்பு, எந்த மாதத்தோடு அதற்குத் திருத்தம் நிற்கும், அடுத்ததை யார் வந்து ஏற்றுவார், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதை விற்பவர் பில்லிலேயே எழுதித் தர வேண்டும்.