கடன் பத்திரத்தில் இல்லாத கையெழுத்து

வடசென்னை மூலக்கொத்தளம் மயானத்தில் தாளமுத்துவும் நடராசனும் அடக்கமாகியிருக்கின்றனர். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை புகுந்து, 1939-ல் கைதிகளாகவே உயிர் நீத்தவர்கள். அவர்கள் உரிமை கேட்டபோது, பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசு கண்ணெதிரே கோட்டையில் இருந்தது. 1940-ல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. யாரிடம் கேட்பது என்ற தெளிவு இருந்தால்தான் உரிமை என்னும் சொல்லுக்கு உயிர் உண்டு.

இந்த அளவுகோலைக் கொண்டு, 1986 டிசம்பர் 4-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 146 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றிய வளர்ச்சியுரிமைப் பிரகடனத்தைப் படித்துப் பார்ப்போம். பத்தே விதிகள் கொண்ட சிறிய ஏடு. வளர்ச்சியின் நடுநாயகம் மனிதனே என்று அது கூறுவது போற்றத்தக்கது. ஆனால், கடமைகளைப் பெரும்பாலும் அது அரசுகளின் தலையில் சுமத்துகிறது. கடன் கொடுத்துத் திட்டங்களை உருவாக்கும் பன்னாட்டு வங்கிகளைப் பற்றி அதில் பேச்சில்லை. பாதிக்கப்பட்டவன் முறையிட ஒரு மன்றமும் இல்லை. இதுவே அதன் பெருங்குறை.

இக்குறையின் விளைவைக் குஜராத்தின் முந்த்ரா கடற்கரையில் கண்டோம். அங்கே எழுந்த 4000 மெகாவாட் அனல் மின்நிலையத்துக்கு, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008-ல் 45 கோடி டாலர் கடன் வழங்கியது. வெந்நீர்க் கழிவால் மீன்வளம் குன்றியதென மீனவர்கள் முறையிட்டனர். கழகத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவே 2013-ல் கழகத்தின் மீது குறை கண்டது. எனினும் பரிகாரம் வரவில்லை. புதா இஸ்மாயில் ஜாம் என்னும் மீனவரும் பிறரும் 2015-ல் வாஷிங்டன் நீதிமன்றம் ஏறினர். அத்தகைய நிறுவனங்களுக்கு முழுமையான சட்டக் காப்பு இல்லையென்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், கேடு நிகழ்ந்தது இந்தியாவில் என்ற காரணங்காட்டிக் கீழ்மன்றங்கள் வழக்கைத் தள்ளின. 2022-ல் அது முடிந்தே போயிற்று. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே அமர இடமில்லை என்றாற்போல!

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. மூலக்கொத்தளத்திற்கு வடக்கே உள்ள எண்ணூர்த் துறைமுகம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு எழுந்து 2001-ல் திறக்கப்பட்டது. அனல் மின்நிலையங்களுக்கு நிலக்கரி இறக்குவதே அதன் முதல் நோக்கம். அந்த மின்நிலையங்களின் சாம்பல் படிந்த கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில்தான் இறால் பிடிப்போர் இன்றும் இறங்கி நிற்கின்றனர்.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், நம் வீட்டு விளக்கும் அதனால்தானே எரிகிறது. கணக்குக் கேட்பது விளக்கை அணைக்கச் சொல்வதாகாது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைப்பது நம் குடும்பங்கள் அறிந்த முறை. பன்னாட்டுக் கடன் பத்திரத்தில் வங்கியும் அரசும் ஒப்பமிடுகின்றன. சுமையைத் தாங்கப்போகும் மீனவனோ அதில் கையெழுத்திட்டவனுமல்லன், சாட்சியுமல்லன். அவன் கேள்விக்குப் பதில் சொல்லக் கடன் கொடுத்தவரும் கட்டுப்பட்டவர் என்று எழுதப்படாதவரை, அப்பிரகடனம் வழங்கியது உரிமையன்று, வெறும் நல்வாழ்த்தே.