பிழையும் சிதைவும்: திருகோணமலைக் காசுகளை முன்வைத்து ஒரு விமர்சனக் குறிப்பு

பழங்காசு ஒன்றின் முகத்திற் காணப்படும் குறைகள் இருவகைப்படும். அக்கசாலையில் அச்சடிக்கப்பட்ட வேளையிலேயே நேர்ந்தவை ஒருவகை. அக்கசாலையை விட்டு நீங்கிய பின்னர், கைமாறித் தேய்ந்தும் மண்ணிற் புதைந்தும் கடல்நீரிற் கிடந்தும் நேர்ந்தவை மற்றொரு வகை. முன்னதைப் பிழை என்றும் பின்னதைச் சிதைவு என்றும் ஈண்டு வழங்குவோம். சேகரிப்போர் சந்தையிற் பிழைக்கு விலை ஏறுகிறது. சிதைவுக்கு விலை இறங்குகிறது. ஆயின் இப்பாகுபாடு விலைபேசுவோருக்கு மாத்திரம் உரியதன்று. ஏட்டுச்சுவடியையும் கல்வெட்டையும் சான்றாகக் கொள்ளும் இலக்கிய ஆராய்ச்சியாளனும் இதே வினாவையே எதிர்கொள்கிறான். எழுதியவன் செய்தது எது, காலம் செய்தது எது, பின்வந்தவன் செய்தது எது என்பதே அவ்வினா.

திருகோணமலைத் துறைமுகப் பகுதி இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலங்கையிலேயே செப்புக் காசுகளை அடித்து வெளியிட்டது. நான்காவது ஆங்கில-ஒல்லாந்தப் போர் (1780-1784) கம்பனியின் கப்பற்போக்கைக் குலைத்த காலம் அது. ஸ்டைவர் எனப்பட்ட அத்தடித்த காசுகளின் ஒருபக்கத்திற் கம்பனியின் கூட்டெழுத்தும், அதன்மேல் அக்கசாலையைக் குறிக்கும் உரோம எழுத்தொன்றும் இருக்கும். கொழும்புக்கு ‘சி’, காலிக்கு ‘ஜி’, யாழ்ப்பாணத்துக்கு ‘ஐ’, திருகோணமலைக்கு ‘டி’ என்பன அவ்வெழுத்துகள். மறுபக்கத்திற் பெறுமதியும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. 1782ஆம் ஆண்டில் ஆங்கிலேயரிடமும் பின்னர் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறி, மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்து, 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர் வசமான துறைமுகத்தின் காசு இது.

இக்காசுகளிற் பிழையையும் சிதைவையும் பிரித்தறிவது எங்ஙனம்? உலோகம் எவ்வாறு நகர்ந்தது என்பதே முதன்மையான சான்று. அச்சில் வெடிப்பு விழுந்திருப்பின் அடிக்கும்போது உலோகம் அவ்வெடிப்பினுட் புகும். எனவே காசில் அது புடைத்த கோடாகத் தெரியும். கத்தியோ கல்லோ கீறியிருப்பின் கோடு பள்ளமாக இருக்கும். அதன் இருமருங்கும் உலோகம் சிறிது ஒதுங்கி எழுந்திருக்கும். வில்லை அச்சின் நடுவே வைக்கப்படாதவிடத்துப் பொறிப்பின் ஒருபாதி வெளியே போய்விடும். எனினும் எடை குறையாது. விளிம்பு வெட்டப்பட்ட காசிலோ எழுத்தோடு எடையும் குறையும். இலேசாக அடிக்கப்பட்ட காசில் உருவத்தின் மேட்டுப்பகுதியில் வில்லையின் பழைய சொரசொரப்பு எஞ்சியிருக்கும். புழங்கித் தேய்ந்த காசில் அதே மேட்டுப்பகுதி வழவழப்பாகும். உப்புநீர் அரித்த காசில் எழுத்தென்றும் வெறுநிலமென்றும் பாராது குழிகள் பரவியிருக்கும்.

இவை யாவற்றினும் உறுதியான சோதனை ஒப்பீடாகும். ஒரே அச்சில் வந்த இரு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே குறை காணப்படின் அது அச்சின் குறை. ஒன்றில் மட்டும் காணப்படின், அடித்த வேளையில் நேர்ந்ததா, பின்னர் நேர்ந்ததா எனத் தேடவேண்டும். சுவடி ஆராய்ச்சி பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. பல ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின் அவை ஒரு மூல ஏட்டின் வழிவந்தவை எனக் கொள்வர். செல்லரித்த துளையோ ஏட்டுக்கு ஏடு வேறுபடும்.

இதுகாறும் கூறியவை நுட்பங்கள். இனி எழுப்பவேண்டிய வினா, எதனைப் பிழை என்கிறோம் என்பதாகும். பிழை என்பதற்கு முன்னர் நியமம் ஒன்று வேண்டும். நடுவிலகாத பொறிப்பும் ஒழுங்கான வட்ட விளிம்பும் இயந்திரத்தால் அடிக்கப்பட்ட காசின் நியமங்கள். கையாற் சுத்தியல் கொண்டு அடிக்கப்பட்ட தடித்த ஸ்டைவரை அந்த அளவுகோலால் அளந்து, நடுவிலகியது பிழையென்றும் வேலைப்பாடு மோசமென்றும் கூறுவது வரலாற்றுணர்வற்ற மதிப்பீடாகும். கையடிப் பட்டறையில் நடுவிலகுதல் வழமை. நேராக விழுதலே அருமை. 1785இல் வெளியான நாலேமுக்கால் ஸ்டைவர்ச் செப்புத் துண்டுகளை எடுத்துக்கொள்க. அவை செப்புப் பாளத்திலிருந்து வெட்டப்பட்டு முத்திரையிடப்பட்டவை. அவற்றின் வெட்டுமுகம் பிழையுமன்று, சிதைவுமன்று. அதுவே உற்பத்தி முறை.

எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இன்றும் இத்துறையில் அடிப்படையானது. அவரது உழைப்பை மதியாதார் இலர். எனினும் ஆட்சி, அக்கசாலை, வகை என்னும் ஒழுங்கில் அமையும் பட்டியல் எதுவும் இயல்பாகவே முழுமையான மாதிரிக் காசையே நாடும். குறையுள்ள காசு அங்கு மாதிரியின் தாழ்ந்த பிரதி ஆகிவிடுகிறது. சுத்தியலை ஓங்கியவன் பெயர் பட்டியலில் இல்லை. அவன் கை தவறிய இடத்திலேதான் அவன் இருந்தமைக்குச் சான்று உண்டு. பிழை உழைப்பின் சுவடு என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

சிதைவுக்கும் இது பொருந்தும். காசு புழக்கத்தில் தேய்வதையும், தேயத்தேய அதன் பெயரளவான எடையும் உண்மை எடையும் பிரிந்துபோவதையும் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) விளக்குகிறார். காசு வெறும் அடையாளமாக மாறும் வழியை அவர் அத்தேய்விற் கண்டார். அங்ஙனமாயின் தேய்வு என்பது பண்டமாற்றுறவின் வரலாறு. ஒல்லாந்த ‘டொயிட்’ தமிழில் ‘துட்டு’ ஆனதும் அப்புழக்கத்தினாலேயே. கழுத்திற் கோப்பதற்காகத் துளையிடப்பட்ட காசைச் சேகரிப்பாளர் பழுதென ஒதுக்குவர். சமூக வரலாற்றாசிரியனுக்கோ அத்துளை, கம்பனியின் பணம் குடியானவர் வீட்டில் அணியாக மாறிய கணத்தின் ஆவணம். பளபளப்புக்காக அமிலத்தில் இட்டுக் கழுவப்படும் காசு இச்சான்றுகள் அனைத்தையும் இழக்கிறது. சந்தை தான் விரும்பும் முழுமையைப் புதிதாக உண்டாக்குகிறது.

இனி, சிதைவே பிழையாக மாறும் நிலை ஒன்றுண்டு. சிதைந்த ஏட்டைப் படியெடுப்பவன் இடைவெளியைத் தன் ஊகத்தால் நிரப்பினால், அடுத்த ஏட்டில் அவ்வூகம் மூலமாகிவிடும். யாழ்ப்பாண அரசருக்கு உரியவை எனக் கருதப்படும் சேதுக் காசுகளிற் சிலவற்றில் ‘சேது’ என்னும் சொல்லின் ஒரு பகுதியே வில்லையில் விழுந்திருக்கும். நன்கு விழுந்த காசுகளோடு ஒப்பிட்டு மறுபகுதியை உணர்வது முறையான வாசிப்பு. ஒப்பீடின்றி, எஞ்சிய கீறலை எழுத்தாக்கிப் புதிய மன்னன் ஒருவனைக் கண்டுபிடிப்பது வரலாறாகாது.

இந்த எச்சரிக்கை திருகோணமலைக் கோட்டை வாயிலிலேயே கல்லாக நிற்கிறது. போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். பிரெடரிக் கோட்டை என இன்று வழங்கும் அதன் வாயிற்கல்லில் மீன் சின்னத்தோடு குறைவுபட்ட தமிழ்ச் சாசனம் ஒன்றுண்டு. மறைந்த பகுதிகளை, குளக்கோட்டன் திருப்பணி பற்றியும் பறங்கியர் அதனை அழிப்பது பற்றியும் வழங்கிய மரபுவழிப் பாடலின் துணைகொண்டு நிரப்பி வாசித்தனர். அவ்வாசிப்பு பொருத்தமானதாக இருக்கலாம். ஆயினும் கல்லில் உள்ளது எது, பாடலிலிருந்து வந்தது எது என்னும் எல்லைக்கோடு பொதுமக்கள் நினைவில் அழிந்துவிட்டது. கோயில் இடிக்கப்பட்டதை மெய்ப்பிக்க நிரப்பப்பட்ட எழுத்துகள் தேவையில்லை. கோயிற்கல் கோட்டை வாயிலாக நிற்கும் நிலையே அதற்குப் போதிய சான்று. இங்குச் சிதைவே சாசனம். அதனை நிரப்பி மறைப்பது சான்றினைக் குறைப்பதாகும்.

இனங்களின் உரிமைகள் கல்லையும் காசையும் காட்டி வாதிடப்படும் நாட்டில் இந்நெறி வெறும் புலமை நுட்பமாக அமையாது. எதிர்த்தரப்பார் சான்றைத் திரிக்கின்றனர் எனக் குறைகூறும் நாம், நமது சான்றில் நிரப்பியவற்றை முதலில் நாமே அடையாளமிட்டுக் காட்டவேண்டும். உ. வே. சாமிநாதையர் ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டு விட்டுச்சென்றார். அப்புள்ளிகளே அவரது பதிப்புகளின் நம்பகத்துக்குப் பிணை. முற்போக்கு விமர்சனம் அந்நேர்மையைக் கைக்கொண்டு மேலும் ஒருபடி செல்லவேண்டும்: குறை எங்குள்ளது என்பதோடு, எந்த உழைப்பில், எந்தக் கைமாற்றத்தில், எந்த வன்முறையில் அக்குறை தோன்றியது என்றும் அது கேட்கவேண்டும்.