டெட் காம் (1989 திரைப்படம்): நிறைகளும் குறைகளும்

பிலிப் நாய்ஸ் இயக்கிய இந்த ஆஸ்திரேலியத் திரைப்படம், சார்லஸ் வில்லியம்ஸ் 1963இல் எழுதிய புதினத்தைத் தழுவியது. மகனை விபத்தில் இழந்த ஜான் (சாம் நீல்), ரே (நிக்கோல் கிட்மன்) தம்பதியர், பாய்மரப் படகில் செல்லும்போது ஹியூயி (பில்லி சேன்) என்பவனுக்கு அடைக்கலம் தருகின்றனர். அவன் வந்த கப்பலைச் சோதிக்க ஜான் சென்றதும், ஹியூயி ரேயோடு படகைக் கடத்துகிறான்.

கணவனையும் மனைவியையும் இரு கலங்களில் பிரித்து வைத்ததே படத்தின் பலம். திறந்த கடலே சிறையாகிறது. துயரில் ஒடுங்கியிருந்த ரே படிப்படியாகத் துணிவு பெறுவதைக் கிட்மன் நம்பும்படி காட்டுகிறார்.

குறை, முடிவில் உள்ளது. ரே தானே ஹியூயியை வென்று, கணவனையும் மீட்கிறாள். கதை அங்கேயே நிறைவடைகிறது. ஹியூயி மீண்டும் தோன்ற, ஜான் அவனைக் கொல்லும் கடைசிக் காட்சி, அவளுடைய வெற்றியைக் கணவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது.