அளவு தெரியும், உறவு தெரியாது

டென்மார்க் தலைநகர் கோப்பன்ஹேகனைச் சுற்றிக் காட்டும் கைடு புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. முதலில் கடற்கன்னி சிலை. 1913-ல் வைத்தது, உயரம் ஒண்ணேகால் மீட்டர்தான். 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று தோன்றினால் அடுத்த பக்கத்தில் 1843-ல் திறந்த டிவோலி பூங்கா. பஸ் ரூட், டிக்கெட், திறக்கும் நேரம் எல்லாம் சுத்தம்.

குறை வேறு இடத்தில். நாலாம் கிறிஸ்டியன் ராஜா கட்டிய வட்டக் கோபுரத்தையும், 2024-ல் தீப்பிடித்த பழைய பங்குச்சந்தை மாளிகையையும் வாய் வலிக்கப் புகழ்கிறார்கள். அதே ராஜாவுக்குத்தான் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில், தமிழில் கடிதம் எழுதினார். கையெழுத்து மட்டும் தெலுங்கு. தகடு இன்னமும் அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-ல் பிரிட்டிஷாருக்கு விற்கும்வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது. இதற்கு ஒரு வரி ஒதுக்கக்கூடாதா?

திருமலைராயன்பட்டினத்தில் மாசி மகத்துக்குக் கடலாட வரும் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் 'மாப்பிள்ளை' என்று வரவேற்கிறார்கள். அந்த உறவைச் சொல்லாமல் பல்லக்கின் நீள அகலத்தை மட்டும் சொன்னால், வந்தவன் என்னத்தைப் பார்த்தான்?

மகனோ மகளோ கோப்பன்ஹேகனுக்குக் கூப்பிட்டால் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போங்கள், பஸ் பிடிக்க உதவும். அதற்கு முன்னால் காரைக்கால் தாண்டி ஒரு நடை தரங்கம்பாடி போய், டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிடுங்கள். முதல் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.