முழுப் பட்டை, முழு மணிக்கோடு, முழுத் தலை: வெள்ளி நாணயத் தரக்குறிப்புகள் ஒரு மதிப்பீடு

வெள்ளி நாணயம் சேர்ப்போர் கையாளும் அளவுகோல்களில் மிகுதியாக நம்பப்படுவதும் மிகக் குறைவாகச் சோதித்துப் பார்க்கப்படுவதும், தர எண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று எழுத்துகளில் சேர்க்கப்படும் தகுதிக் குறிப்புதான். அமெரிக்காவில் 1986இல் இயங்கத் தொடங்கிய பிசிஜிஎஸ், அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிய என்ஜிசி ஆகிய தரநிர்ணய நிறுவனங்கள், நாணயத்தை ஆராய்ந்து, ‘ஸ்லாப்’ எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து, 1 முதல் 70 வரையிலான எண் ஒன்றை வழங்குகின்றன. வில்லியம் ஷெல்டன் 1949இல் அமெரிக்கப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்த அந்த அளவுகோலில், புழக்கத்துக்கு வராத நாணயங்களுக்கு உரிய 60 முதல் 70 வரையிலான பகுதி ‘எம்எஸ்’ என்று குறிக்கப்படுகிறது. மேற்பரப்புக் கீறல், பளபளப்பு, அச்சின் தெளிவு, கண்ணுக்குக் கிடைக்கும் நிறைவு ஆகிய நான்கையும் ஒரே எண்ணுக்குள் அடக்கிவிடுவதால், எம்எஸ்-65 பெற்ற இரண்டு நாணயங்களுள் ஒன்று கூர்மையாக அச்சாகியும் மற்றொன்று மழுங்கியும் இருக்கக்கூடும். இந்தக் குறையை ஈடுகட்டவே தகுதிக் குறிப்புகள் வந்தன. அவை எந்த அளவுக்கு ஈடுகட்டுகின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

அச்சுத் தெளிவு என்பது, மேலும் கீழும் உள்ள இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தப்படும் வெற்று வில்லையின் உலோகம், அச்சின் ஆழமான குழிகளை எவ்வளவு நிரப்பியது என்பதைக் குறிக்கும். கொழுக்கட்டை அச்சில் மாவு போதாதபோது மடிப்புகளின் நுனி உருவாகாமல் போவதைப் போல, அச்சுகளுக்கிடையே உள்ள இடைவெளி சற்றுக் கூடினாலும், அழுத்தம் குறைந்தாலும், வில்லை போதிய அளவு பதப்படுத்தப்படாமல் கடினமாக இருந்தாலும், வடிவத்தின் மிக உயர்ந்த பகுதிகள் நிரம்புவதில்லை. முன்பக்கத்தின் ஆழமான குழியும் பின்பக்கத்தின் ஆழமான குழியும் நேருக்கு நேர் அமைந்துவிட்டால் ஒரே உலோகம் இரு திசையிலும் பாய வேண்டியிருப்பதால், அந்த இடமே முதலில் மங்குகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் தெளிவு கிடைக்கும், ஆனால் அச்சு விரைவில் வெடிக்கும். கோடிக்கணக்கில் காசு அடிக்க வேண்டிய நாணயச்சாலைக்கு அச்சின் ஆயுளே பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

மங்கிய அச்சையும் தேய்மானத்தையும் பிரித்தறிவதே இத்துறையின் முதல் பாடம். இரண்டும் உயர்ந்த பகுதிகளையே தாக்குவதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒரே ஒரு விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்து மெல்லச் சுழற்றும்போது, பளபளப்பின் கதிர் மங்கிய பகுதியின் மீதும் தடையின்றி ஓடினால் அது அச்சின் குறை. கதிர் அவ்விடத்தில் அறுந்து, உலோகம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது தேய்மானம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தால் இன்னும் உறுதியான சான்று கிடைக்கும்: அச்சு எட்டாத இடத்தில், வெற்று வில்லையாக இருந்த காலத்தில் விழுந்த நுண்கீறல்களும் சிறு பள்ளங்களும் அழுந்தி மறையாமல் அப்படியே எஞ்சியிருக்கும். உறையின் பிளாஸ்டிக்கில் விழும் எதிரொளி இந்தச் சோதனைக்குப் பெரும் இடையூறு என்பதால், விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது நல்லது.

தகுதிக் குறிப்புகளுள் தன் வேலையைச் செம்மையாகச் செய்வது மெர்குரி டைமுக்கு வழங்கப்படும் எஃப்பி, அதாவது ‘ஃபுல் பேண்ட்ஸ்’ என்னும் முழுப் பட்டைக் குறிப்பு. அடால்ஃப் வெய்ன்மன் வடிவமைத்து 1916 முதல் 1945 வரை வெளிவந்த இந்தப் பத்து சென்ட் காசு, 90 விழுக்காடு வெள்ளியால் ஆனது, 2.5 கிராம் எடையும் 17.9 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. பின்பக்கத்தின் நடுவே, பண்டைய ரோமின் அதிகாரச் சின்னமான கழிக்கட்டு, கோடரியோடு சேர்த்துப் பட்டைகளால் கட்டப்பட்டு நிற்கிறது. அதன் நட்டநடுவில் ஒன்றோடொன்று ஒட்டிச் செல்லும் இரண்டு கிடைப்பட்டைகளுக்கிடையே உள்ள பள்ளம், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஓரிடத்திலும் அறாமல் தெரிந்தால் மட்டுமே எஃப்பி கிடைக்கும். லென்ஸின் கீழ் அது மயிரிழை போன்ற கருங்கோடாகத் தோன்றும். பெரும்பாலான காசுகளில் அக்கோடு பாதிவழியில் கரைந்து, இரண்டு பட்டைகளும் ஒரே தட்டைப் பரப்பாக ஒட்டிக்கொள்கின்றன. பட்டைகள் இருப்பது நாணயத்தின் மையத்தில், முன்பக்கத்து முகத்தின் உயர்ந்த பகுதிக்குப் பின்னால் என்பதால், இங்கு உலோகம் நிரம்பியிருந்தால் பிற பகுதிகளிலும் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம்; குறிப்பு நம்பகமானதாக அமைவதற்கு இதுவே காரணம்.

அதன் கடுமைக்கு 1945ஆம் ஆண்டின் பிலடெல்பியா காசு சான்று. அவ்வாண்டு அந்த நாணயச்சாலையில் 15 கோடியே 91 லட்சத்து 30 ஆயிரம் டைம்கள் அடிக்கப்பட்டன. ஆயினும் முழுப் பட்டையுள்ளவை அத்தொடரிலேயே மிக அரியவற்றுள் இடம்பெறுகின்றன. எம்எஸ்-65 தரத்தில் குறிப்பில்லாத காசு சில பத்து டாலருக்குக் கிடைக்க, குறிப்புள்ளது பல ஆயிரம் டாலரைத் தொடுகிறது. இவ்வளவு பெரிய விலை வேறுபாடு ஒரு மயிரிழைப் பள்ளத்தின் மீது நிற்பதால், பிளவு மட்டும் தெரியும் தட்டைப் பட்டைகளையும், பிளவோடு உருண்டு திரண்டு நிற்கும் பட்டைகளையும் தேர்ந்த சேகரிப்பாளர்கள் வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். குறிப்போ இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது.

ஃபிராங்க்ளின் அரை டாலருக்கான எஃப்பிஎல், அதாவது முழு மணிக்கோட்டுக் குறிப்பு, இந்தத் தெளிவை எட்டவில்லை. ஜான் சின்னக் வடிவமைத்து 1948 முதல் 1963 வரை வெளிவந்த அந்நாணயத்தின் பின்பக்கத்தில் பிலடெல்பியாவின் விடுதலை மணி உள்ளது. மணியின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கோடுகள் முழுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பிசிஜிஎஸ் கீழ்க்கோட்டுத் தொகுதியை மட்டும் பார்க்க, என்ஜிசி மேல்தொகுதியும் கீழ்த்தொகுதியும் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரே மூன்றெழுத்து, உறையின் நிறுவனத்தைப் பொறுத்து இரு வேறு பொருள் தருவது ஓர் அளவுகோலுக்குத் தகாத குணம். இத்தொடரில் குறிப்புடன் கிடைப்பதற்கு மிக அரிதானது சான்பிரான்சிஸ்கோவில் 1953இல் அடிக்கப்பட்ட நாணயம். 41 லட்சத்து 48 ஆயிரம் அடிக்கப்பட்டும் கோடுகள் முழுமையாக விழுந்தவை சொற்பமே. கோடுகளோடு சேர்த்து, மணியின் மீது பொறிக்கப்பட்ட பாஸ், ஸ்டோ என்னும் வார்ப்பாளர் பெயர்களும் படிக்கும்படி உள்ளனவா என்று பார்ப்பது, குறிப்பு சொல்லாததைச் சொல்லும்.

மூன்றில் மிகவும் ஏமாற்றுவது, நிற்கும் லிபர்ட்டி கால் டாலருக்கான எஃப்ஹெச் என்னும் முழுத் தலைக் குறிப்பு. ஹெர்மன் மெக்நீல் வடித்து 1916 முதல் 1930 வரை வந்த இந்நாணயத்தின் வடிவம் 1917இல் திருத்தப்பட்டது. திருத்திய வடிவத்தில், விடுதலையின் பெண்ணுருவமான லிபர்ட்டியின் தலைக்கவசத்து மூன்று இலைகளும், நெற்றியிலிருந்து செல்லும் கூந்தல் எல்லைக்கோடும், காதுக்குழியும் தெளிவாக இருந்தால் குறிப்பு கிடைக்கும். சோதிக்கப்படும் பரப்பு ஓர் அரிசிமணியைத் தாண்டாது. லிபர்ட்டி ஏந்திய கேடயத்தின் ஆணித்தலைகள் பாதி அழிந்திருந்தாலும், தலை தெளிவாக இருக்குமானால் எஃப்ஹெச் உறுதி. மறுபுறம், டென்வரில் 1926இல் அடிக்கப்பட்டவை புழக்கத்துக்கு வராத நிலையில் தாராளமாகக் கிடைத்தாலும், தலை தட்டையாக விழுந்தவையே ஏறக்குறைய எல்லாம். ஆகவே இத்தொடரில் வாங்குவோர் தலையைப் பார்த்த பின் கேடயத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது கட்டாயம்.

மார்கன் டாலரின் பிஎல் (ப்ரூஃப்லைக்), டிஎம்பிஎல் (டீப் மிரர் ப்ரூஃப்லைக்) குறிப்புகள் இவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டாலும், அவை அளப்பது வேறு. மெருகேற்றிய அச்சு, நாணயத்தின் வெற்றுப்பரப்பில் எவ்வளவு கண்ணாடித்தன்மையைப் பதித்தது என்பதையே அவை சொல்கின்றன. நியூ ஆர்லியன்ஸ் டாலர்களில் அடிக்கடி காணப்படும், காதுக்கு மேலுள்ள கூந்தலும் கழுகின் மார்பும் மங்கும் குறையைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை.

அச்சுக் குறிப்பே வகுக்கப்படாத தொடர்களும் உண்டு. வெய்ன்மனின் நடக்கும் லிபர்ட்டி அரை டாலர் அவற்றுள் முதன்மையானது. அதில் சான்பிரான்சிஸ்கோவின் 1941ஆம் ஆண்டு நாணயங்கள் மங்கிய அச்சுக்குப் பெயர் பெற்றவை. வயிற்றின் முன் உள்ள இடக்கையின் கட்டைவிரல் தனித்துத் தெரியுமாறு அடிக்கப்பட்ட ஒரு 1941 நாணயம் கண்ணில் பட்டால், அதன் உறையில் எண்ணைத் தவிர வேறெதுவும் இராது. அந்த விரலையும், ஆடையின் மடிப்புக்கோடுகளையும், பின்பக்கத்துக் கழுகின் கால் இறகுகளையும் லென்ஸால் தாமே பார்த்து விலை பேச வேண்டியவர் வாங்குபவர்.