ஆறும் இரண்டும்: வடமேல் மாகாணப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் செல்வாக்கின் இடமாற்றம்

வடமேல் மாகாணத்துப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள், சில பாடசாலைகள் சேர்ந்த கோட்டம், கோட்டங்கள் பல சேர்ந்த கல்வி வலயம், அதன் மேல் மாகாணம், முடிவில் அகில இலங்கை என்று படிப்படியாக ஏறுகின்றன. கற்பிட்டிச் சிறு பாடசாலை மாணவியும், மத்திய கல்வி அமைச்சு நேரடியாக நிர்வகிக்கும் தேசிய பாடசாலையின் மாணவியும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குவதே இம்முறையின் பெருஞ்சிறப்பு. பெயர்பெற்ற கல்லூரிகள் அழைப்பின் பேரில் தமக்குள் நடத்திக்கொள்ளும் போட்டிகளில் அதற்கு இடமில்லை.

ஆயினும் கோடு ஒன்றாக இருப்பதால் செல்வாக்கும் ஒன்றாகிவிடுவதில்லை. சிலாபம், வென்னப்புவக் கரையோரத்தில் ஒருகாலத்தில் கத்தோலிக்க மிஷன் முகாமையாளர்களிடமிருந்த பாடசாலை அதிகாரம், 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசிடம் சென்று, 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின்னர் பெரும்பகுதி மாகாணத்திடம் வந்தது. அம்மாகாணத்தின் எட்டு வலயங்களுள் ஆறு குருநாகல் மாவட்டத்துக்குரியவை. புத்தளம், சிலாபம் என இரண்டே கரையோரத்துக்குரியவை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வருகையால் புத்தளத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் மாணவர் தொகை பெருகியபோதும், தலைக்கணக்கு வேறு, வலயக்கணக்கு வேறு என்பதால், வலயப் பிரதிநிதிகள் கூடும் மாகாண மேசையில் ஆறு பேருக்கு எதிரே இருவரே அமர்கின்றனர். இதில் சதி ஏதும் தேட வேண்டியதில்லை. மாகாணக் கல்வித் திணைக்களம் குருநாகலில் இருப்பதே போதும்.

அதன் விலையைக் கற்பிட்டி மணலில் காணலாம். சுண்ணாம்புத் தூளால் இட்ட ஓட்டப்பாதைக் கோடு கடற்காற்றில் கலைந்துபோகும் திடலில் பயின்றவள், பாலாவிச் சந்தி, புத்தளம், பாதெனிய வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் வந்து, குருநாகலில், இறுகிய தரையில் பழகியவர்களோடு போட்டியிட வேண்டியுள்ளது.

இதற்கு மாறாக, அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்புகளில் செல்வாக்குத் தேடி நிறுவனங்களே இடம்பெயர்கின்றன: தொலைக்காட்சி வருவாயை நாடிப் பத்து உறுப்பினர்கள் வெளியேற, 2024இல் ‘பசிபிக்-12’ கூட்டமைப்பில் ஒரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டே எஞ்சின. நிலவரையறைக்குக் கட்டுண்ட புத்தளப் பாடசாலைக்கு அவ்வழி இல்லை. அக்கட்டுப்பாடு நிலைபேறு தருகிறது என்பது ஓரளவே உண்மை. ஏனெனில் இங்கு பாடசாலை நகராதபோதும் பிள்ளை நகர்கிறாள். சாதாரண தரம் முடித்துப் பெரிய பாடசாலையொன்றின் உயர்தர வகுப்பில் சேரும் ஓட்ட வீராங்கனையின் புள்ளிகள் அன்று முதல் அப்பாடசாலைக்கே சேர்கின்றன. மணலில் அவளுக்கு முதன்முதல் ஓடக் கற்பித்த உடற்கல்வி ஆசிரியரின் பாடசாலை, புள்ளிப் பட்டியலில் அவ்வாண்டும் கீழ்வரிசையிலேயே நிற்கிறது.