சைலன்சர் முனையில் ஒரு விரல்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிவரும் பழைய எக்ஸ்எல் சூப்பர் மொபெட் ஒர்க்‌ஷாப்பில் நின்றால், மெக்கானிக்கின் விரல் முதலில் சைலன்சர் முனையைத்தான் தடவும். இந்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் கொஞ்சம் கரும்பிசுக்கு இயல்பு. லிட்டருக்கு 20 மில்லி போதும். இன்ஜினுக்கு நல்லது என்று கூடுதலாக ஊற்றினால் எரியாமல் வழியும். அடைத்த ஏர் ஃபில்டரும், சூடேறுமுன்பே அணைத்துவிடும் குட்டி ஓட்டங்களும் அதே வேலையைச் செய்யும். பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கவலையில்லை.

1985இல் வந்த ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்கில் வேறொரு கோளாறும் உண்டு. கலவை சரி, ஃபில்டர் சுத்தம். ஆனாலும் புகை மண்டும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். கிளட்ச் பக்க ஆயில் சீல் தேய்ந்து, கிராங்க் அறை அந்த ஆயிலை உறிஞ்சுகிறது.

சீல் விலை சொற்பம். எரிந்த கியர் ஆயிலின் காட்டத்தை பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலின் வாசத்திலிருந்து பிரித்தறியும் மூக்குதான் அபூர்வம்.